காற்று பொது, காற்றாலை யாருடையது?



நாகர்கோவிலில் ஒரு வாசிப்பு வட்டக் கூட்டம் முடிந்து, மாணவர்கள் சிலருடன் பேருந்தில் திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டியதும் சாலையின் இருபுறமும் காற்றாலைகள். முப்பந்தல் வரும்போது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அவைதான். பக்கத்தில் இருந்த தம்பி சட்டக் கல்லூரி மாணவர். அவர் கேட்டார்: "அண்ணே, காலநிலை மாற்றம், பசுமைப் பொருளாதாரம் இதெல்லாம் வசதியானவங்க பேசுற பேச்சு. வன்கொடுமை வழக்கு, பஞ்சமி நிலம், உதவித்தொகைன்னு ஓடவே நமக்கு நேரம் போதல. இது நம்ம பிரச்சினையா?"

நான் திருப்பிக் கேட்டேன்: "இங்க நிக்கிற காத்தாடியில ஒண்ணாவது நம்ம ஆளுங்களோடதா இருக்கும்னு நினைக்கிறியா?"

தம்பி சிரித்துவிட்டுச் சொன்னார்: "வாட்ச்மேனா இருக்கலாம்ணே."

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது. கரியைக் குறைக்கும் வளர்ச்சிக்கு அரசு எப்படிப் பணம் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்ற வரலாறு. அடுத்த முப்பது ஆண்டுகளில் இதைவிடப் பல மடங்கு பணம் இந்தத் துறையில் இறங்கப்போகிறது. முதல் சுற்றில் நாம் எப்படி விடுபட்டோம் என்று தெரியாவிட்டால், இரண்டாவது சுற்றிலும் வாட்ச்மேன்தான்.

அம்பேத்கர் எழுப்பிய கேள்வி

மின்சாரத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் 1943க்குப் போக வேண்டும். 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தது. போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக்கான மின்சாரக் கொள்கைக் குழு 1943 அக்டோபரில் கூடியபோது தலைமை வகித்தவர் அவர். அங்கே அவர் முன்வைத்த முதன்மையான கேள்விகளில் ஒன்று, மின்சாரம் தனியார் உடைமையாக இருக்க வேண்டுமா, அரசின் உடைமையாக இருக்க வேண்டுமா என்பது. இன்னொன்று, அதை மக்களுக்கு மலிவாகவும் தாராளமாகவும் கொடுப்பது எப்படி என்பது. நிலத்தை மட்டுமே நம்பிக் கிடக்கும் நாட்டில் வறுமை தீராது, தொழில்மயம் வேண்டும், தொழில்மயத்துக்கு மலிவான மின்சாரம் வேண்டும் என்பது அவர் வாதம்.

1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் முக்கியத் தொழில்கள் அரசுக்குச் சொந்தமாக வேண்டும் என்றும், விவசாய நிலம் அரசுடைமையாகிக் கூட்டுப் பண்ணைகளாக வேண்டும் என்றும் அவர் சொன்னார். காரணம் எளிது. சொத்து ஏற்கெனவே யாரிடம் இருக்கிறதோ அவரிடமே புதிய சொத்தும் போய்ச் சேரும். சாதி சமூகத்தில் அந்த "யாரிடம்" என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. காற்றாலையின் கதையை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

காற்று காசான கதை

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனைக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அது முழுக்க அரசு முயற்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை வீசும் காற்றில் மின்சாரம் எடுக்க முடியுமா என்று பொதுப்பணத்தில் சோதித்தார்கள். காற்றின் வேகத்தைப் பல இடங்களில் அளந்ததும் பொதுப்பணத்தில்தான். டென்மார்க்கின் உதவியும் உலக வங்கிக் கடனும் வந்தன. புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்குக் கடன் கொடுக்கவே 1987இல் 'இரெடா' என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது.

காற்று நன்றாக வீசுகிறது என்று உறுதியான பிறகு தனியார் வந்தார்கள். குறிப்பாகக் கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகள். மின்வெட்டால் தவித்த அவர்களுக்குச் சொந்த மின்சாரம் தேவைப்பட்டது. முப்பந்தலில் காற்றாலை வைத்து, மின்வாரியக் கம்பி வழியாகவே கோவை மில்லுக்கு மின்சாரம் கொண்டுபோகலாம். காற்றடிக் காலத்தில் மிஞ்சும் யூனிட்டுகளை வாரியத்திடம் 'சேமித்து' வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் மிகக் குறைவு. கம்பியும் பொது, சேமிப்பும் பொது, காற்றும் பொது. ஆலை மட்டும் தனியார்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஈர்ப்பு வருமான வரிச் சட்டத்தில் இருந்தது.

வரி கட்டுபவருக்கு வட்டியில்லாக் கடன்

இயந்திரம் வாங்கினால் ஆண்டுதோறும் அதன் தேய்மானத்தை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது பொதுவான வரி விதி. 1990களில் காற்றாலைக்கு ஒரு சிறப்புச் சலுகை: 100 விழுக்காடு தேய்மானத்தை முதல் ஆண்டிலேயே கழிக்கலாம். இதற்கு 'விரைவுத் தேய்மானம்' என்று பெயர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1994-95இல் நிறுவன வரி, கூடுதல் வரியுடன் சேர்த்து 46 விழுக்காடு. நல்ல லாபத்தில் ஓடும் ஒரு மில் 1 கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்குகிறது என்று வையுங்கள். அந்த 1 கோடியும் லாபக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். அரசுக்குக் கட்டியிருக்க வேண்டிய 46 லட்சம் மில்லின் கையிலேயே நிற்கும். மீதிக்கு வங்கிக் கடன். காற்றாலை மில்லுக்குச் சொந்தம்.

இது நிரந்தரத் தள்ளுபடி இல்லை, பின்னாட்களில் அந்த இயந்திரத்துக்குத் தேய்மானம் கழிக்க முடியாது, அதனால் இது வரியைத் தள்ளிவைப்பதுதான் என்று பொருளாதாரம் படித்த தோழர்கள் சொல்வார்கள். சரிதான். அதற்கு நம் மொழியில் பெயர் வட்டியில்லாக் கடன். ஜாமீன் இல்லை, நிலப்பத்திரம் கேட்பதில்லை, மேலாளர் முன் கைகட்டி நிற்பதில்லை. ஆடிட்டர் ஒரு படிவம் நிரப்பினால் போதும். ஒரு ஆட்டோவுக்கோ பால்மாட்டுக்கோ மானியக் கடன் கேட்டு அலைந்த நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஜாமீன்தாரர், "அடுத்த வாரம் வாங்க" என்று எத்தனை நடை.

இந்தச் சலுகையைப் பெற ஒரே தகுதி, கழித்துக்கொள்ளும் அளவுக்கு லாபம் இருக்க வேண்டும் என்பது. வரி கட்டும் லாபம் இல்லாதவருக்குச் சலுகையும் இல்லை. விவசாயக் கூலிக்கு இல்லை, சிறு விவசாயிக்கு இல்லை, கூட்டுறவுச் சங்கத்துக்கும் பஞ்சாயத்துக்கும் பயனில்லை. சட்டத்தில் சாதி என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் அந்தச் சட்டம் யாரைத் தேடிப்போகும் என்பது முன்பே தெரிந்ததுதான்.

காற்றாலைகள் எதற்காக வந்தன என்பதற்குப் புள்ளிவிவரமே சாட்சி. 1995-96இல் தமிழ்நாட்டில் சுமார் 280 மெகாவாட் காற்றாலைகள் புதிதாக நிறுவப்பட்டன. லாபம் காட்டிவிட்டு வரியே கட்டாமல் தப்பும் நிறுவனங்கள் மீது 1996 பட்ஜெட்டில் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. 1996-97இல் புதிய காற்றாலை சுமார் 120 மெகாவாட்டாகச் சரிந்தது. 1997-98இல் 31 மெகாவாட். வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த ஆண்டுகளிலும் காற்று அதே காற்றுதான்.

பிறகு சலுகை 80 விழுக்காடாகக் குறைந்தது. காற்றாலை நட்டாலே வரிச்சலுகை, அது எவ்வளவு மின்சாரம் தந்தாலும் சரி என்ற குறையை உணர்ந்து, 2009 டிசம்பரில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை கொண்டுவந்தார்கள். 2012இல் விரைவுத் தேய்மானத்தை நிறுத்தினார்கள், 2014இல் மீண்டும் கொடுத்தார்கள், 2017 முதல் 40 விழுக்காடாக்கினார்கள். இத்தனை திருத்தங்களிலும் ஒரு கேள்வி மட்டும் எழவே இல்லை: இந்தப் பொதுப்பணத்தில் உருவாகும் சொத்து யாருக்குச் சொந்தம்?

அதே 1994, காரணையில்

இப்போது அதே நிதியாண்டின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். உழைக்கும் மக்களுக்கு நிலமில்லாததே அடிமைத்தனத்தின் வேர் என்பதை அந்த அறிக்கை ஆவணப்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பரில் அரசாணை 1010 வந்தது. அப்படி ஒப்படைக்கப்பட்ட நிலங்களையே பஞ்சமி நிலம் என்கிறோம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ மாற்றவோ கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை எப்படி மிதிக்கப்பட்டது என்பதை நம் தலைமுறை அறியும்.

1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்களை இழந்தோம்.

அதே 1994-95 நிதியாண்டில் தமிழ்நாட்டில் சுமார் 190 மெகாவாட் காற்றாலைகள் வரிச்சலுகையில் எழுந்தன. ஒரு பக்கம், லாபம் உள்ளவருக்கு அரசு தானாகவே பணத்தை விட்டுக்கொடுக்கிறது. மறுபக்கம், நூறு ஆண்டுக்கு முன் அரசே கொடுத்த நிலத்தைக் கேட்டவர்களுக்குக் குண்டு. இவ்விரண்டும் ஒரே பொருளாதாரத்தின் இரு ஏடுகள். நிலம் பறிபோனதால் அடமானம் வைக்கச் சொத்தில்லை. சொத்தில்லாததால் தொழில் இல்லை. தொழில் இல்லாததால் லாபம் இல்லை. லாபம் இல்லாததால் பசுமைச் சலுகையும் இல்லை. 1892இன் துரோகம் 1994இன் வரிக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கரி குறைந்ததற்குக் கூலி

கியோட்டோ உடன்படிக்கை 1997இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 'தூய்மை வளர்ச்சி முறை'யின்படி, ஏழை நாடுகளில் கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டங்கள் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்று பெறலாம். அந்தச் சான்றைப் பணக்கார நாடுகளுக்கு விற்கலாம். தமிழக நூற்பாலைகளின் காற்றாலைகளும் கூட்டாகச் சேர்ந்து இதில் பதிவு பெற்றன. 2008இல் ஒரு சான்று 20 யூரோவைத் தாண்டி விலைபோனது. 2012 முடிவதற்குள் 1 யூரோவுக்கும் கீழே விழுந்தது. சந்தையை நம்பிக் காலநிலையைக் காப்பாற்றலாம் என்ற கனவின் விலை அது.

அதே ஆண்டுகளில், மேற்கு மாவட்ட நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலி' முறை நடந்துவந்தது. மூன்று ஆண்டு விடுதியில் தங்கி உழைத்தால் முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி, தென்மாவட்டங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களை அழைத்துப்போனார்கள். அவர்களில் பெரும்பங்கினர் தலித் குடும்பத்துப் பிள்ளைகள் என்று பல ஆய்வுகள் பதிவு செய்தன. ஒரு டன் கரி குறைந்ததை அளக்கக் கருவி இருந்தது, சரிபார்க்கத் தணிக்கையாளர் இருந்தார், விலை கொடுக்க ஐரோப்பா இருந்தது. அந்தப் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் நின்று உழைத்தார்கள் என்பதை அளக்க அந்த ஏற்பாட்டில் கருவி இல்லை.

நிலமுள்ளவருக்கு வாடகை, உழைத்தவருக்கு?

பிறகு சூரிய மின்சாரம் வந்தது. 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையத்தை அதானி குழுமம் தொடங்கியது. அந்த மின்சாரத்தை யூனிட் 7.01 ரூபாய்க்கு 25 ஆண்டுகள் வாங்க மின்வாரியம் ஒப்புக்கொண்டிருந்தது. 2017இல் தமிழ்நாடு நடத்திய ஏலத்திலேயே சூரிய மின்சாரத்தின் விலை 3.47 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. சூரியத் தகடுகளின் விலை வேகமாகச் சரிந்துகொண்டிருந்த காலம் அது. ஆனாலும் பழைய விலையின் பாரம் 25 ஆண்டுக்கும் பொதுத்துறை வாரியத்தின் தலையில்தான்.

நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தால் நியாயம் கிடைத்துவிடுமா? அதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கர்நாடகத்தின் தும்கூரு மாவட்டத்தில் உள்ள பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் சூரியப் பூங்கா அமைத்தார்கள். விவசாயிகளிடமிருந்து நிலத்தைப் பறிக்கவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை கொடுத்தார்கள். வறட்சி பாதித்த பகுதி, அதனால் நிலம் உள்ளவர்களுக்கு இது நல்ல வருமானம். நாடே பாராட்டியது. ஆனால் அந்த நிலத்தில் களையெடுத்து, கடலை பறித்து, ஆடு மேய்த்துப் பிழைத்த நிலமற்றவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குத்தகை இல்லை. அவர்களில் பலர் தலித்துகள். வேலி போட்டதும் கூலியும் போயிற்று, மேய்ச்சலும் போயிற்று.

இதுவரை கிடைத்த மாதிரிகளில் சிறந்தது என்று சொல்லப்படுவதிலேயே நம் நிலை இது. பட்டா உள்ளவரை மட்டுமே 'பாதிக்கப்பட்டவர்' என்று கணக்கெடுக்கும் வரை எந்தப் பசுமைத் திட்டமும் சேரிக்கு வந்து சேராது.

பணம் இல்லாமல் இல்லை

"நல்ல யோசனைதான், பணத்துக்கு எங்கே போவது" என்பார்கள். 2010 ஜூலை முதல் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி போட்டார்கள். 2016க்குள் அது 400 ரூபாயானது. அந்த வரி மின்கட்டணத்திலும் பொருள்களின் விலையிலும் கலந்து நம் வீட்டுக்கும் வந்தது. 2017-18 வரை வசூலானது 86,000 கோடி ரூபாய்க்கும் மேல். தூய எரிசக்தி நிதிக்குப் போனது 30,000 கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது சுமார் 16,000 கோடி. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் வரியாக மாறிவிட்டது.

2024 பிப்ரவரியில் கூரைச் சூரிய மின்சாரத் திட்டம் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவிக்கப்பட்டது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம். ஆனால் தகடு வைக்கச் சொந்தக் கூரை வேண்டும். பழுதடைந்த தொகுப்பு வீட்டின் ஒழுகும் கூரையில், பட்டா கிடைக்காத புறம்போக்குக் குடிசையில், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த மானியம் எப்படிப் போகும்? வரியில் நமக்குப் பங்கு உண்டு, மானியத்தில் கூரை உள்ளவருக்குத்தான் பங்கு.

ஓடந்துறை காட்டிய வழி

இதற்கு மாற்றே இல்லையா? இருக்கிறது, தமிழ்நாட்டிலேயே.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட். விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். ஊராட்சியின் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்சாரத்தைவிட அதிகமாகவே அது உற்பத்தி செய்தது. மிஞ்சியதை மின்வாரியம் வாங்கியது. அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். வரி கட்டும் லாபம் இல்லாததால் விரைவுத் தேய்மானத்தால் அந்த ஊராட்சிக்கு ஆதாயம் இல்லை. அது இல்லாமலே சாதித்தார்கள். ஒரு மில்லுக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடனை ஊராட்சிகளுக்கும் கொடுத்திருந்தால் இன்று எத்தனை ஓடந்துறைகள் இருந்திருக்கும்!

நாம் செய்ய வேண்டியது

கரியைக் குறைக்கத்தான் வேண்டும். வெயிலில் கூலி வேலை செய்பவர்கள் நாம். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்கும் தாழ்வான இடத்தில் குடிவைக்கப்பட்டவர்கள் நாம். காற்றாலையையும் சூரியத் தகட்டையும் எதிர்ப்பது நம் அரசியல் அல்ல. அவற்றின் உடைமையில் பங்கு கேட்பதே நம் அரசியல்.

ஒன்று: எந்தப் பசுமைத் திட்டத்துக்கும் நிலம் எடுக்கும் முன் அங்கே பஞ்சமி நிலம் உள்ளதா என்று அரசு அறிவிக்க வேண்டும். இருந்தால் அது உரியவர்களிடம் திரும்ப வேண்டும். மின்நிலையத்துக்குக் குத்தகை விட வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

இரண்டு: பட்டா இல்லாவிட்டாலும் அந்த நிலத்தில் உழைத்தவரும் மேய்த்தவரும் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் வர வேண்டும். மின்நிலையம் ஓடும் காலம் முழுதும் அவர்களுக்கு ஆண்டு வருமானத்தில் பங்கு வேண்டும். அனல்மின் நிலையங்கள் மூடப்படும்போது ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் மாற்று வேலை உறுதி செய்யப்பட வேண்டும்.

மூன்று: 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் நாம் 20 விழுக்காடு. பசுமை எரிசக்தியில் இறங்கும் பொதுப்பணத்திலும் அந்தப் பங்கைக் கேட்போம். தனித்தனியாகக் கூரை இல்லாத இடத்தில் காலனிக்குப் பொதுவான சூரிய நிலையம், மகளிர் கூட்டுறவின் பெயரில் காற்றாலை என்று கேட்போம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலையோ சூரியப் பண்ணையோ இருந்தால் அதன் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதி, அந்த எண்ணுக்குரிய ஏ பதிவேட்டுப் பக்கத்தையும் பழைய நிபந்தனை ஒப்படைப் பதிவையும் கேளுங்கள். காகிதம் வந்தால் வாசிப்பு வட்டத்தில் வைத்துச் சேர்ந்து படிப்போம். நம் முன்னோருக்கு நிலம் ஒப்படைத்த பதிவு எங்கோ ஓர் இரும்பு அலமாரியில்தான் இருக்கிறது.

அன்று பேருந்தில் கேட்ட அந்தத் தம்பி முதல் மனுவை எழுதிவிட்டார். அடுத்தது நீங்கள்.

ஜெய்பீம்!